இறால் குஞ்சுக்காக ஒரு புலமைப்பரிசில்

இன்று காலை நேர்முகப் பரீட்சை அறைக்குள் கண்டல் மரச் சேற்றின் மணம் வந்தது. களப்பிலிருந்து நேரே வந்த இரண்டாம் வருட மாணவி ஒருத்தி, பாவாடை ஓரம் நனைந்து நின்றாள். எனக்கு உன் நினைவு வந்துவிட்டது.

நாம் படித்த கம்பஸில் இப்போது நான் படிப்பிக்கிறேன். நீ விண்ணப்பித்த, ஆய்வுக்கும் தலைமைத்துவத்துக்குமான அதே புலமைப்பரிசிலுக்கு ஆள் தெரிவுசெய்கிற மூவரில் நானும் ஒருத்தி. நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

அன்று அறிவித்தலை வாசித்தபோது உன் முகம் சுருங்கியது. நல்ல பரீட்சைப் பெறுபேறு உன்னிடம் இருந்தது. ஆனால் தலைமைத்துவத்துக்கு மாணவர் சங்கப் பதவி கேட்டிருந்தார்கள். விரிவுரை முடிந்ததும் ஆரையம்பதி பஸ்ஸுக்கு ஓடுகிறவளுக்கு எந்தப் பதவி? அப்படியும் விண்ணப்பித்தாய். களப்பில் இறால் குஞ்சு ஏன் குறைகிறது என்று இறால் பிடிக்கும் உன் அப்பா வீட்டில் புலம்பிக்கொண்டே இருந்தார். அதைத் தேடிப் பார்க்கத் தோணியும் ஆய்வுகூடமும் வேண்டும். அந்தச் செலவுக்கு வேறு வழியில்லை.

நேர்முகத்தன்று நான் வெளியே காத்திருந்தேன். என்ன பதவி வகித்தாய் என்று அவர்கள் கேட்டதும், ஒன்றுமில்லை என்று நீ சொன்னதும் என் காதில் விழுந்தன. நீ எழுந்து வந்துவிடுவாய் என்று பயந்தேன். நீ எழும்பவில்லை. வலைத் தகராறில் பேச்சை விட்டிருந்த ஆரையம்பதிக்காரரும் பக்கத்து ஊர்க் காத்தான்குடிக்காரரும், உன் ஆய்வு முடியும்வரை கண்டல் ஓரத்தில் வலை போடுவதில்லை என்று ஒத்துக்கொண்டதைச் சொன்னாய். எப்படிச் சம்மதிக்க வைத்தாய் என்று கேட்டார்கள்.

“ரெண்டு பக்கமும் போய்க் கேட்டன் சேர். பிறகு அவங்க சொன்னதையும் கேட்டன்.”

பணம் கிடைத்தது, கூடவே ஒரு விதியும். உறவினருக்குத் தோணிக் கூலி கொடுக்கக் கூடாது. அதனால் காத்தான்குடியில் என் மாமாவின் தோணியைப் பிடித்தோம். உன் அப்பா சும்மா இருப்பாரா? கூலியில்லாமல் ஏறி முன்னால் உட்கார்ந்து மாமாவுக்கு வழி சொல்லத் தொடங்கினார். இந்தக் களப்பு எனக்குப் புதிதா என்று மாமா முறைத்தார். நீ தலை நிமிராமல் குஞ்சுகளைத் தரம் பிரித்தபடி, “சண்ட பிடிங்க, தோணிய மட்டும் ஆட்டாதீங்க” என்றாய். பிறகு இருவரும் ஒரே சோற்றுப் பொதியில் சாப்பிடுமளவுக்கு வந்தார்கள்.

கண்டல் ஓரத்தில் குஞ்சு பெருகியது. ஆய்வு முடிந்த பின்னும் அங்கே யாரும் வலை போடவில்லை. மேற்படிப்புக்குப் போக இருந்த நீதான் ஒரு காய்ச்சலில் போய்விட்டாய். உன் செத்த வீட்டில் மாமா உன் அப்பாவின் கையை விடவேயில்லை.

இன்றைய பிள்ளையிடமும் பதவி இல்லை. பக்கத்திலிருந்தவர் அடுத்த ஆளைக் கூப்பிடப் போனார். “இருங்க சேர், என்ன செஞ்சிருக்கா எண்டு கேப்பம்” என்றேன். அவள் மெதுவாகத்தான் தொடங்கினாள். நண்டு விற்கும் பெண்களோடு பேசிப் பேசி, சினை நண்டுகளைத் திரும்பக் களப்பில் விடச் செய்திருக்கிறாள். தேநீர் ஆறும்வரை நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அவள் தெரிவாகிவிட்டாள். அடுத்த வருட அறிவித்தலில் ‘பதவி’ என்ற சொல்லை எடுத்துவிடவும் மற்ற இருவரும் சம்மதித்தார்கள்.

நீ போனபின் நான் தோணி ஏறியதில்லை. வருகிற கிழமை அந்தப் பிள்ளையோடு போகிறேன். குஞ்சு பிடிக்கும் உன் சின்ன வலை என்னிடம்தான் இருக்கிறது. அதையும் கொண்டுபோகிறேன்.