இடப்பக்கம் ஒரு விரல் உயரம்

என் பிரியத்துக்குரிய வீட்டுக்காரருக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் வராத இடத்துக்குப் போய்விட்டீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அம்பாசிடர் இப்போது நாலு சக்கரத்திலும் தரையில் நிற்கிறது.

நம்பமாட்டீர்கள், தெரியும். முன்சக்கரம் இரண்டையும் கழற்றி, வண்டியை இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி வைத்துவிட்டு, "ரெண்டே வாரம் பொறு எஸ்தரு" என்றவர் நீங்கள். அந்த ரெண்டு வாரம் முடிவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். அங்கிருந்து வீட்டுக்கு வரவே இல்லை. வண்டி மட்டும் முன்னங்கால் இல்லாத மாடு மாதிரி போர்ட்டிகோவில் கிடந்தது. நம் பையன் சென்னையிலிருந்து போன் போட்டு, "யாருக்காவது குடுத்துடும்மா, எடத்த அடைச்சிக்கினு கெடக்குது" என்றான். முதல் வருஷ நினைவு ஜெபத்துக்கு உங்கள் கல்லறைக்கு இந்த வண்டியில்தான் வருவேன், ஆட்டோவில் வரமாட்டேன் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். அந்த நாள் வருகிற ஞாயிற்றுக்கிழமை.

கரீம் பாயைக் கூப்பிட்டேன். தோல் பதனிடும் டேனரியில் உங்களோடு இருபது வருஷம் மெஷின் ஃபிட்டராக இருந்த மனிதர், வண்டி வேலை அத்துப்படி. ஆனால் இப்போது முட்டி மடங்குவதில்லை. "நான் ஸ்டூல்ல உக்காந்து சொல்றேன் அண்ணி. கீழ படுக்கறது யாரு?" என்றார். வேறு யார்? நைட்டி மேல் உங்கள் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, கோணியை விரித்து, நானே படுத்தேன். எதிர்வீட்டு டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "இன்னா எஸ்தர், எதுனா கீழ வுழுந்துடுச்சா?" என்று கேட்டாள். "ஆமா டீச்சர், என் மானம்" என்றேன்.

முதல் நாள் வேலையே நடக்கவில்லை. மண்ணெண்ணெய்த் தட்டில் நீங்கள் வைத்துவிட்டுப் போன சாமான் ஒவ்வொன்றிலும் அட்டை கட்டி எழுதியிருந்தீர்கள். "இடது மேல்", "வலது கீழ்", "இத மாத்தணும்". உங்கள் கையெழுத்தை அத்தனை மாதம் கழித்துப் பார்த்ததும் கை ஓடவில்லை. கரீம் பாய் ஸ்டூலில் உட்கார்ந்தபடி தலை குனிந்துகொண்டார். "நாளைக்கிப் பாக்கலாம் அண்ணி" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாளிலிருந்து வேலை ஓடியது. தேய்ந்து கோழிமுட்டை மாதிரி ஆகியிருந்த ரப்பர் புஷ் வளையங்களை எடுத்துவிட்டு, புதுசை வைஸ் இடுக்கியில் வைத்து அழுத்தி ஏற்றினோம். துரு போகக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். மூட்டுகளில் மண் புகாமல் இருக்கப் போடும் ரப்பர் மூடி எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. வீட்டில் இருந்த ஆட்டுத்தோலை வெட்டி நானே தைத்துப் போட்டுவிட்டேன். தையலைப் பார்த்தால் நீங்கள் மெச்சிக்கொள்வீர்கள்.

இந்த வண்டிக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது என்பதே இப்போதுதான் எனக்குத் தெரியும். வண்டிக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாக நீளமான இரும்புக் கம்பி. அது முறுக்கிக்கொண்டு எடையைத் தாங்குகிறது. கம்பியின் முனையில் பல் பல்லாக இருக்கிறது. ஒரு பல் தள்ளி மாட்டினால் அந்தப் பக்கம் வண்டி தூக்கிக்கொள்ளும். இடப்பக்கக் கம்பியில் நீங்கள் வெள்ளை பெயின்டில் கோடு போட்டு வைத்திருந்தீர்கள். அந்தக் கோடு, இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு பல் மேலே இருந்தது.

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. இருபத்தேழு வருஷமாக நமக்குள் நடந்த சண்டையின் காரணம் கையில் கிடைத்துவிட்டதே!

நான் ஷூ கம்பெனியில் பார்த்த வேலை உங்களுக்குத் தெரியாததா? இடது ஷூவையும் வலது ஷூவையும் பக்கத்தில் வைத்து ஜோடி பார்ப்பது. ஒரு நூல் உயரம் கூடினாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். குறையைச் சரிசெய்து கொண்டுவந்த பிறகு, ஒட்டிய செக்கர்தான் அதை எடுக்க வேண்டும். அப்படிப்பட்டவள் கண்ணுக்கு எதிரே இடப்பக்கம் ஒரு விரல் தூக்கலாக ஒரு வண்டி நின்றால் பொறுப்பேனா? ஒருநாள் பையிலிருந்த அம்பு ஒன்றை இடது மட்கார்டில் ஒட்டிவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள், ஆனால் சரிசெய்யவில்லை. வண்டிக்கு மறுபடி பெயின்ட் அடித்தபோது, அந்த அம்பின் மேல் பேப்பர் ஒட்டிக் காப்பாற்றினீர்கள். ஏன் என்று கேட்டால், "செக்கர் அம்மா வந்து எடுக்கணும், நான் எடுக்கக் கூடாது" என்றீர்கள்.

வண்டி கோணல் என்று நான் கத்தும்போதெல்லாம், "வா, கொஞ்ச நேரம் உக்காரு" என்று முன்சீட்டில் என்னை உட்கார வைப்பீர்கள். நான் மடியில் முருங்கைக்கீரையை வைத்து ஆய்ந்துகொண்டிருப்பேன். நீங்கள் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வருவீர்கள். தனியாக வேலை செய்ய அலுப்பாக இருக்கிறது போலும், பேச்சுத்துணைக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா வெச்சிடுங்க பாய்" என்றேன்.

"அண்ணன் வெச்ச மாதிரியே இருக்கட்டுமே அண்ணி."

"அவுரு வெச்சதுதான் தப்பு. ஜோடி பாக்க எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

கரீம் பாய் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். சொன்னபடி மாட்டினோம். தூரத்தில் போய் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். அச்சில் வார்த்தது மாதிரி நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நேற்று காலை ஓட்டிப் பார்க்க மாதனூர் வரை போனோம். கரீம் பாய் ஓட்டினார், நான் வழக்கமான இடப்பக்கத்து சீட்டில். டயரில் காற்று பார்க்க, பேனா மாதிரி ஒரு மீட்டர் வைத்திருப்பீர்களே, அது ஸ்டியரிங்குக்கு முன்னால் உள்ள தட்டில் கிடந்தது. நான் ஏறி உட்கார்ந்ததும் அது உருண்டு வந்து என் பக்கம் டக்கென்று நின்றது. எடுத்து நடுவில் வைத்தேன். மறுபடி உருண்டு என் பக்கமே வந்தது. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அது அப்படி வந்ததில்லை. வண்டி என் பக்கம் சாய்ந்திருந்தது.

"பாய், பல்லு சரியாத்தானே மாட்டினோம்?"

அவர் வேகத்தைக் குறைத்தார். "அண்ணன் வண்டி காலியா நிக்கசொல்ல அளவு எடுக்கல அண்ணி. நீங்க உக்காந்திருக்கசொல்ல எடுத்தது. அவுரு என்னை மாதிரி ஒல்லி. நீங்க வந்து..." அங்கேயே நிறுத்திவிட்டார்.

"சொல்லுங்க, குண்டு. எங்கிட்ட அவுரு ஏன் சொல்லல?"

"நான் கேட்டேன் அண்ணி. 'சொன்னா அவ சாப்புட மாட்டாடா, திட்டினா திட்டிட்டுப் போறா'ன்னுட்டாரு."

எனக்கு உங்கள் சொந்தத்தில் நடந்த அந்தக் கல்யாணம் ஞாபகம் வந்தது. போட்டோ எடுக்கும்போது உங்கள் சித்தி, "எஸ்தர் ஓரமா நில்லு, ரெண்டு பேர் எடத்த நீயே எடுத்துக்கற" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாளே. நான் ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். அதற்குப் பிறகு எடை என்ற வார்த்தையே உங்கள் வாயில் வந்ததில்லை. ஒரே ஒரு வார்த்தையில் முடிந்திருக்க வேண்டிய சண்டை. அதைச் சொல்லாமல் இருபத்தேழு வருஷம் என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டீர்களே, என்ன மனுஷர் நீங்கள்? நானும் விடாமல் திட்டினேனே! மாதனூர் பஸ் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

இன்று காலை மறுபடி கோணி விரித்துப் படுத்து, இடப்பக்கத்தை உங்கள் வெள்ளைக் கோட்டுக்கே கொண்டுபோய் மாட்டினேன். பிறகு அந்த அம்பை நகத்தால் சுரண்டி எடுத்தேன். சிவப்பு வெளுத்து ரோஸாகிப்போயிருந்தது. அதற்கடியில் வண்டி வாங்கிய அன்றிருந்த பழைய நீலம் அம்பு வடிவத்தில் அப்படியே இருந்தது. பாஸ் போட்டுவிட்டேன். கொஞ்சம் தாமதம், மன்னியுங்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மட்கார்டின் உட்பக்கம் நீங்கள் எழுதி வைத்திருந்த அளவைச் சரிபார்க்க, கரீம் பாய் என்னை சீட்டில் உட்கார வைத்து டேப் பிடித்தார். இடப்பக்கம் இன்னும் அரை விரல் தூக்கலாகத்தான் நின்றது. பல் தப்பிவிட்டதோ என்று பயந்துபோனேன். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "பல்லுலாம் கரெக்டு. நீங்கதான் கம்மியாயிட்டீங்க அண்ணி" என்றார்.

உண்மைதான். இந்த ஒரு வருஷமாக ஒரு ஆளுக்கு உலை வைக்க மனசு வரவில்லை. காலையில் டீ, மதியம் எதையாவது கொறிப்பது, ராத்திரி அதுவும் இல்லை. ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் விட்டிருப்பீர்களா?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வருகிறேன். கரீம் பாய்தான் ஓட்டுவார். நான் என் இடத்தில் உட்கார்ந்திருப்பேன். இன்று மதியம் உலை வைத்தேன், கருவாட்டுக் குழம்பு ஊற்றி ரெண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன். இனி ஒருவேளையும் விடமாட்டேன். அந்த அரை விரலை நான் இறக்கிக் காட்டுகிறேன். நீங்கள் எடுத்த அளவு தப்பாகப் போக விடமாட்டேன்.

இடப்பக்கத்து சீட்டுக்காரி,
உங்கள் மனைவி
எஸ்தர்
ஆம்பூர்