தட்ட வேண்டாம்

எம். புதுப்பட்டி,
1959, ஆடி வெள்ளி

அன்பான மதினிக்கு,

இருக்கன்குடி மாரியாத்தா புண்ணியத்துல இங்கன எல்லாரும் சௌக்கியம். ஊர விட்டுப் போனபெறகு திருத்தங்கல்ல நீங்க எப்பிடி இருக்கீக?

நேத்து மதுரையில இருந்து பாக்கியவதின்னு ஒரு படிச்ச பொண்ணு வந்தா. கலவரம் நடந்த ஊருகள்ல சனங்க மனசு எப்பிடி இருக்குன்னு வீடு வீடாக் கேட்டு எளுதுறா. மோர் குடுத்து உக்கார வச்சேன்.

"வெடிச்சத்தம் கேட்டாப் பதறுதாம்மா?"ன்னா. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. "ஏ தாயி, மத்தியானம் பட்டாசுக் கம்பெனியில வெடி போட்டுச் சோதிச்சாத்தான் நாங்க உலையே வைப்போம்"னேன். சொல்லி வாய் மூடல, டமார்னு ஒண்ணு. மோரெல்லாம் அவ சேலையில!

"அப்ப எந்தச் சத்தத்துக்குப் பயம்?"னு தொடச்சுக்கிட்டே கேட்டா.

"கதவு தட்டுறதுக்கு"ன்னேன்.

ஏன்னு கேட்டா. ஆத்தா மகிமையச் சொல்லிப் பேச்ச மாத்திட்டேன். கலவரத்தன்னைக்கு நீங்க எதுத்த வீட்டுல இருந்து ஓடி வந்து அம்புட்டு நேரம் தட்டியும் நான் தெறக்காம உள்ள இருந்தத அவகிட்டச் சொல்ல வாய் வரல. உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்லணும் மதினி.

அன்னையில இருந்து ரெண்டு வருசமா நான் பகல்ல தாப்பாப் போடுறதில்ல. வர்ற வெள்ளி மாவிளக்கு எடுக்கேன். வாங்க. தட்டாம உள்ள வந்துருங்க.

இப்பவும்
உங்க எதுத்த வீட்டுக்காரி