ஈரல் ஸ்கேனுக்குக் கொண்டுபோன போத்தல்

தாண்டவன்வெளி,
மட்டக்களப்பு.
15.09.2025

அன்பு மகன் ஜெராட்டுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பிள்ளையும் நல்ல சுகத்தோடு இருக்க மாதாவை மன்றாடுகிறேன், இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை வருகுதில்லை. முதலில் நல்லதைச் சொல்கிறேன். உன் தம்பி யூட்டின் மூத்தவள் ஜெனிற்றாவுக்கு ஓ.எல். சோதினையில் ஒன்பது பாடத்துக்கும் ஏ. சின்னவன் தினுஷன் புலமைப்பரிசில் சோதினையில் பாஸ், பள்ளிக்கூடத்தில் மாலை போட்டார்கள். உன் மகள் நீச்சலில் மெடல் எடுத்ததை ஞாயிறு பூசைக்கு வந்த ஒருவரையும் விடாமல் சொன்னேன்.

இதையெல்லாம் போன செவ்வாய் ஆஸ்பத்திரி வாங்கில் பக்கத்தில் குந்தியிருந்தவர்களுக்கும் சொன்னேன். யூட்டுக்கு இரத்தச் சோதனையில் ஈரல் பழுதென்று வந்து ஸ்கேனுக்கு எழுதித் தந்திருந்தார்கள், மூன்று மணித்தியாலம் வெறும் வயிறு. ஊசி ஒன்றும் இல்லை மகன், வலப்பக்க விலாவில் பசை பூசி ஒரு சின்னத் தடியை வைத்து, சந்தையில் உள்ளே சிவந்திட்டுதா என்று வத்தகப்பழத்தைத் தட்டுகிற மாதிரிப் பத்துத் தரம் தட்டினது. அந்தத் தட்டு உள்ளே எவ்வளவு வேகமாய் ஓடுதோ அவ்வளவுக்கு ஈரல் இறுகிப் போச்சாம். டொக்டர் ஒரு இளம் பொம்பிளைப் பிள்ளை, இவர் குடிப்பாரா என்று கேட்டா. அவன் வாய் திறக்குமுன் நான், எங்கட குடும்பத்தில அந்தப் பழக்கமே இல்லை மகள் என்று சொல்லிக்கொண்டு, பசியோடு கிடக்கிறானே என்று பையிலிருந்து கொத்தமல்லித் தண்ணியை எடுத்து நீட்டினேன். அது இருந்தது நீ போன மார்கழியில் நத்தாருக்கு வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த விஸ்கிப் போத்தலில், வெறும் போத்தலை எறிய மனமில்லாமல் நான்தான் கழுவி வைத்திருந்தது. டொக்டர் போத்தலைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, நல்ல போத்தல் அம்மா என்றா. யூட் போத்தலை வாங்காமல் விலாவில் பசையைத் துடைத்தான்.

ஈரல் இறுக்கத்துக்கு ஆறுக்குக் கீழே இருக்க வேண்டிய எண் அவனுக்குப் பத்தொன்பது. ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்கும் அது விளங்கும். ஒரு சொட்டும் தொடாமல் இருந்தால் இறுக்கம் குறையலாம், ஆறு மாதத்தில் திரும்பத் தட்டிப் பார்ப்போம் என்றா டொக்டர்.

அவன் சாராயத்தோடு வந்திருந்தால் படலைக்கு வெளியே நிற்பாட்டியிருப்பேன். நீ பெட்டிக்குள் துணி சுற்றிக் கொண்டு வந்ததை மரியாதை என்று நினைத்து, நானே கிளாஸ் கழுவித் தந்தேன், இறால் பொரித்து வைத்தேன். வருஷத்துக்கு இரண்டு போத்தலில் ஈரல் பழுதாகுமா என்று கேட்பாய். ஆகாது. மிச்ச நாள் அவன் எங்கே குடித்தான் என்று எனக்கும் தெரியும். ஆனால் அவனுடைய வெட்கத்தைப் போக்கினது நீ, பார்த்துச் சிரித்தது நான். நேற்று அவன் பெண்சாதி சுகந்தினி ஏசினதுக்கு, எல்லாத்தையும் விட்டிட்டன், அண்ணன் நத்தாருக்கு வரக்குள்ள மட்டும் கொஞ்சம், இல்லாட்டி அண்ணன்ட மனம் நோகும் என்கிறான். உன் மனம் நோகாமல் இருக்க என் மற்றப் பிள்ளை சாக வேண்டாம். போனில் சொன்னால் அவனும் பக்கத்தில் இருந்து கேட்பான், நீயும் சிரித்துப் பகிடி விடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நத்தாருக்கு வா, வெறுங்கையோடு வா. போத்தலோடு வந்தால் படலை திறக்க மாட்டேன், இதை மறக்காதே. மாதா உங்களைக் காக்கட்டும். நீங்கள் இரண்டு பேரும் கிளாஸைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன், அந்த இடம் வெறுமையாய்க் கிடக்கு. கையில் ஒன்றும் இல்லாமல் நின்று புதிதாய் ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு.

உன்னைப் பெற்ற அம்மா,
செசீலியா