கேன்டீன்காரம்மா கரண்டி பிடித்த மத்தியானம்

அன்பு மகளுக்கு,

அம்மா ஆசை ஆசையாக எழுதிக்கொள்வது. என் சுகம் இருக்கட்டும், முதலில் சேதியைக் கேள். வேலைக்கு வந்த இடத்தில் உன் மகள் இன்றைக்கு எங்கள் முதியோர் இல்லத்தையே ஒரு கலக்குக் கலக்கிவிட்டாளடி!

என் பக்கத்துக் கட்டில்காரி ஒரு தொழிற்சாலையில் கேன்டீன் நடத்தியவள். எங்களுக்கெல்லாம் அவள் கேன்டீன்காரம்மா. கொஞ்ச நாளாகவே சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. கரண்டியை நீட்டினால் வாய் பூட்டிக்கொள்ளும். உதடு வெடித்து, நாக்கு வறண்டு, பேச்சே குழறிப்போயிற்று. இன்று சாயங்காலத்துக்குள் எதுவும் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மூக்கில் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் அவள் என் கையைப் பிடித்தாள் பார், விடவே இல்லை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஊட்டிவிட வேண்டியவர்களுக்குச் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்பே கொடுத்துவிடுவார்கள். அப்போதுதான் மணி அடித்ததும் மற்றவர்களுக்குப் பரிமாற ஆட்கள் கை காலியாக இருக்கும். உன் மகளும் கிண்ணத்தோடு வந்து, "கொஞ்சம் வாயைத் திறங்க பாட்டி" என்றாள். "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள் கேன்டீன்காரம்மா. தினமும் கேட்பதுதான். புத்தி தடுமாறுகிறது என்று நினைத்து நாங்களும் "ஆச்சு ஆச்சு" என்று தலையாட்டிவிடுவோம். உன் மகளும் அப்படியே சொன்னாள். கேன்டீன்காரம்மா அவள் முகத்தையே பார்த்தாள். "பொய் சொல்லாதடி. ஹால்ல ஒரு தட்டுச் சத்தம் கேக்கல. உன் மூஞ்சியப் பாரு, நீயே காலையிலேர்ந்து பட்டினி!" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உன் மகள் கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடினாள். "மத்தவங்க சாப்பிடாம அவங்க சாப்பிட மாட்டாங்க சிஸ்டர். நாமதான் தினமும் முதல்ல ஊட்டப் பார்க்கிறோம். ஹாலுக்குக் கூட்டிட்டுப் போய் அவங்க கையாலேயே எல்லாருக்கும் பரிமாற விடலாம்" என்று தலைமை நர்ஸிடம் சொன்னாளாம். "விழுந்துகிழுந்து வச்சா யாரு பதில் சொல்றது?" என்று முறைத்தாளாம் அந்த நர்ஸ். ஆனால் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தது அவளேதான்!

சாப்பாட்டு ஹாலில் சூப் பாத்திரத்துக்கு முன்னால் அவளை நிமிர்த்தி உட்கார வைத்து, கையில் கரண்டியைக் கொடுத்தார்கள். உன் மகள் அந்தக் கையைக் கீழே தாங்கிக்கொண்டாள். வரிசையாகப் போய்க் கிண்ணத்தை நீட்டினோம். இரண்டு கிண்ணம் நிறைவதற்குள் அவளுக்கு அதிகாரம் வந்துவிட்டது! அந்த டிரைவர் தாத்தா இருக்கிறாரே, பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீரைத் தொட மாட்டார். "ஏன் டிரைவரய்யா, தண்ணி ஊத்தாமலா வண்டி ஓட்டினீங்க?" என்று கேட்டாள் ஒரு கேள்வி. மனுஷர் மூச்சு விடாமல் ஒரு டம்ளர் குடித்தார். எனக்குக் கேரட் ஆகாது என்று உனக்குத் தெரியுமே, பயத்தில் அதையும் விழுங்கினேன்.

எல்லாத் தட்டும் காலியானதும், "இன்னும் யாரு பாக்கி?" என்றாள். "நீதான்டி, உக்காரு" என்று உன் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஊற்றினாள். இவள் ஒரு வாய் எடுத்தாள். கண் கலங்கிவிட்டது பிள்ளைக்கு. அதைப் பார்த்தபிறகுதான் கேன்டீன்காரம்மா தன் வாயைத் திறந்தாள். கிண்ணம் காலி! தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சாயங்காலம் டாக்டர் வந்து, இப்படியே சாப்பிட்டால் குழாய் வேண்டாம் என்றார். நாங்கள் கை தட்டியதில் சமையலறை ஆட்களே ஓடி வந்தார்கள்.

ஐந்தாம் வகுப்புப் படித்த கைக்கு இவ்வளவு எழுதியதே அதிகம். ஆனாலும் இதையும் எழுதத்தான் வேண்டும். காலேஜை விட்டுவிட்டுக் கிழடுகளுக்குத் துணி மாற்றப் போனாளே என்று நீ அவளோடு பேச்சை நிறுத்தினாய். உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. அவள் லீவுக்கு அங்கே வர டிக்கெட் எடுத்துவிட்டாள். உன்னிடம் சொல்லத்தான் பயப்படுகிறாள். வந்தால் வாசலில் நிற்க வைத்து ஒன்றும் கேட்காதே, கண்ணு. முதலில் தட்டை வை. மற்றதெல்லாம் அவள் கை கழுவிய பிறகு பேசிக்கொள்ளலாம்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன்னைப் பெற்றதிலும், நீ பெற்றதிலும் பெருமைப்படும்
அம்மா