தோர்வெனின் உறவுமுறை

ஒக். 13, திங்கள். மழை.
நீண்ட யோசனைக்குப் பின் முடிவெடுத்தேன்: புத்தகத்துக்கு இனி இரண்டு புக்மார்க். ஒன்று கதைக்கு, மற்றது பின்னிணைப்புக்கு. வெள்ளவத்தையில் இதற்கு முன் இப்படியொரு சீர்திருத்தம் நடந்ததாகத் தெரியவில்லை.

பின்னேரம் களுபோவில ஆஸ்பத்திரி. அத்தானுக்கு (அக்காவின் கணவர்) கண் மங்கல். ஈரலும் கைவிட்டது. டொக்டர் மாதக் கணக்கில் இல்லை, கிழமைக் கணக்கில்தான் கதைக்கிறார். அத்தானுக்கு ஒரே கவலை: புத்தகத்தில் நாடு கடத்தப்பட்ட இளவரசன் தோர்வென் தன் தீவுக்குத் திரும்புவானா? முதல் நாலு பாகமும் தானே வாசித்தவர். கடைசிப் பாகத்தை வாசித்துக் காட்ட நான்.

ஒக். 15, புதன். மழை விட்டது.
இரண்டு பக்கம்தான் வாசிக்க முடிந்தது. பெயருக்குப் பெயர் அத்தான், "ஆர் இவன்?" தேசப்படத்தில் தேடு. சொல்விளக்கத்தில் தேடு. சொல்விளக்கம் 'வம்சாவளி பார்க்க' என்கிறது. வம்சாவளியில் ஏழு பேருக்கு ஒரே பெயர்.

கடைசியில் அத்தானே வழி சொன்னார். றேடியோவில் மரண அறிவித்தல் வாசிக்கிற மாதிரி வாசிக்கட்டாம். வாசித்தேன்: "காலஞ்சென்ற மன்னர் ஹால்ரிக் தம்பதியரின் கனிஷ்ட புத்திரனும், எஸ்னாவின் பாசமிகு சகோதரனும்..." உடனே விளங்கிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரருக்கும்.

"ஒருத்தரையும் விட்டிடாதையும். பிறகு சண்டை வரும்," என்றார் அத்தான்.

ஒக். 17, வெள்ளி. வெக்கை.
கதையில் புதிதாக ஒரு பொடியன். வம்சாவளிக்குப் போனேன். தோர்வெனின் மகன். தோர்வெனின் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவை. அடிக்குறிப்பு: சிலுவை, அந்நிய மண்ணில் இறந்தோர்.

தொடர்ந்து வாசித்தேன். "தோர்வெனின் ஏக புத்திரனும்..."

"காலஞ்சென்ற எண்டு வரவேணுமோ?"

இல்லை என்றேன்.

"றேடியோக்காரன் பேருக்கு முன்னால நிக்கிறேல்லை, தம்பி. நீர் நிண்டனீர்."

பிறகு, பரவாயில்லை, கதையை வாசியும் என்றார். கப்பல் அப்போதுதான் பாய் விரித்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

ஒக். 22, புதன். திரும்ப மழை.
விடிய அத்தான் போய்விட்டார். கப்பல் நடுக்கடலில். பால் வாங்க மறந்தேன்.

அக்கா கனடாவுக்கும் ஹெந்தளைக்கும் கோல் எடுத்து ஆர் ஆர் என்ன முறை என்று கேட்டுச் சொன்னார். மரண அறிவித்தலை நான் எழுதினேன். "உனக்குத்தானே இப்ப பழக்கம்." மூன்று தரம் சரிபார்த்தேன். பெறாமக்கள், சகலன், சம்பந்தி, ஒருவரும் விடுபடவில்லை.

ஒக். 23, வியாழன்.
பேப்பரில் வந்திருக்கிறது. மைத்துனர்கள் வரிசையில் என் பெயர் இல்லை. நான் எழுதிக் கொடுத்த தாளிலும் இல்லை.