ஏ.டி.எம். வாசலில் அப்பா

தம்பிக்கு,

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கண் ஆபரேஷனுக்கு முன்னால் உன்னை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அப்பா வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். நீ ஆங்கிலத்தில் ‘கான்ட் கம் ஏடிஎம்’ என்று பதில் போட்டாய். அதில் அவருக்குப் புரிந்தது ‘கம்’மும், பென்ஷன் எடுக்கும் இடத்தின் பெயரும்தான். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தையல் கடையிலிருந்து நான் திரும்பும்போது ஏ.டி.எம். வாசலில், காவலாளி கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெயில் முகத்திலேயே அடித்தது. “தம்பி இங்கதாம்மா வரச் சொல்லியிருக்கான்” என்றார்.

ஃபோனை வாங்கிப் பார்த்தேன். எனக்கும் மண்டையில் ஏறவில்லை. காவலாளிதான் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “ஏடிஎம்னா ‘அட் த மொமென்ட்’டாம். இப்போதைக்கு வர முடியாதுன்னு அர்த்தம்மா. என் பொண்ணும் இப்படித்தான் அனுப்புவா” என்றார்.

அதை அப்பாவிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. “அவன் வந்துட்டு, உங்களைக் காணோம்னு போயிட்டானாம்பா” என்று புளுகினேன். காவலாளியும் தலையாட்டினார்.

“அடடா, நான் டீ குடிக்கப் போன நேரத்துல வந்திருக்கான். பாவம், புள்ளையை அலைய விட்டுட்டேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நேற்று ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருக்கிறார். டீயை நீட்டினால், “வேணாம்மா, இந்த நேரம் பார்த்து வந்துடப் போறான்” என்கிறார்.

‘வரமாட்டேன்’ ஒன்றும் அவ்வளவு நீளமான வார்த்தை இல்லையடா. அடுத்த முறை முழுசாக எழுது.

இப்படிக்கு,
உன் பேரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் அக்கா