ரோலர் தளத்து வெடிப்பு

புதன் இரவு, புளத்கொகுபிட்டிய.

தேயிலை பெக்டரியில கொழுந்து உருட்டுற ரோலர் மெஷின் வைக்கப் போட்ட புதுத் தளத்துல ஒரு வெடிப்பு. முடி கனம்தான், நகம்கூட சிக்காது. ஆனா கொங்கிரீட்டுல கம்பியோட முடி மாதிரி இரும்பு நாரையும் கலக்கணும்னு பிடிவாதமா நின்ன டெக்னிக்கல் ஒபிசர் நான். "கொங்கிரீட்டுக்கும் முடி மொளைக்குதா"ன்னு அன்னைக்குச் சிரிச்சவங்க எல்லாம் காலையிலிருந்து என் மூஞ்சியையே பாத்தாங்க.

தோட்டத்துத் தொரை பாக்க வர்றார்னு தெரிஞ்சதும் மேசன் சுனில் பாஸ் சிமெந்துப் பால் கரைச்சுட்டு வந்துட்டார். "மிஸ், இதைப் பூசினா ஒண்ணும் தெரியாதுதானே."

வாளியை அப்பால வைக்கச் சொன்னேன். வெடிப்போட ரெண்டு முனையிலயும் சிவப்பு பெயின்டால கோடு போட்டேன்.

தொரை குனிஞ்சு பாத்தார். "ஒங்க பிழையை நீங்களே காட்டுறீங்களா?"

"வெடிக்காதுன்னு நான் சொல்லல சேர். வெடிச்சா வாய் பிளக்க விடாம நார் இழுத்துப் பிடிக்கும்னுதான் சொன்னேன். மெஷின் ஓடட்டும். கோட்டைத் தாண்டுச்சுன்னா நானே நின்னு ஒடைச்சுப் போடுறேன்."

கோட்டை இன்னொருக்காப் பாத்துட்டுப் போயிட்டார். தளம் போட்ட அன்னைக்கு மழை இறங்குனப்ப அந்தக் கடைசிக் கலவையில தண்ணி கொஞ்சம்... சரி, இருக்கட்டும்.

நான் சின்னதா இருக்கப்ப, தொரை நாங்க இருந்த லயத்து வீட்டுப் பக்கம் வர்றார்னா அம்மா சுவர் வெடிப்பு மேல காலண்டர் மாட்டுவாங்க. வெடிப்பு வளந்தப்ப ரெண்டு காலண்டர் மாட்டுனாங்க. கடைசியில சுவரே விழுந்துச்சு, காலண்டரோட.

நான் கோடுதான் போடுவேன். காலண்டர் மாட்ட மாட்டேன்.